கடல் பக்கத்துச் சன்னல்

அந்த வீட்டுக்கு நான் குடிவந்த மத்தியானம் முதலில் காதில் விழுந்தது ஒரு சண்டை.

"சன்னலச் சாத்துளா."

"சாத்த மாட்டேன். காலையிலருந்து உப்பளத்துல வெந்துட்டு வந்திருக்கேன்."

"நான் கடலுக்குள்ள கெடந்துட்டு வந்திருக்கேன். பல்லு கிட்டிக்கிட்டு வருது."

"சித்திரை வெயில்ல பல்லு கிட்டுத ஆளு ஊருலயே நீங்க ஒருத்தர்தான். போயி பனிமய மாதாகிட்டச் சொல்லுங்க. பேருலயே பனி இருக்கு, அவளுக்கு வெளங்கும்."

கையிலிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்துவிட்டேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சட்டென்று பேச்சு நின்றது.

"யாரோ சிரிக்காவ."

"புதுசா வந்த அக்காவா இருக்கும். அக்கா, நீங்களே சொல்லுங்க. இன்னைக்கி வெக்கயா, குளுரா?"

"வெக்கதாம்மா," என்றேன்.

"கேட்டீங்களா?"

"பொம்பளைக்குப் பொம்பளை சாட்சியாக்கும்," என்றது ஆண் குரல். ஆனாலும் சன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திறக்கிற சத்தமும் கேட்டது.

முகம் பார்க்கும் முன்பே பிலோமியையும் மனுவேலையும் நான் அறிந்துகொண்டது இப்படித்தான்.

அது ஒரு காலத்தில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியாக இருந்த கட்டடம். மேலே கனமான மரமச்சு. யாரோ நடுவில் பலகை அடித்து இரண்டு வீடாக்கியிருந்தார்கள். பலகை மச்சு வரை போகவில்லை. ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த வழியாகப் பேச்சு வரும், மீன்குழம்பு வாசம் வரும், சுருட்டுப் புகை வரும். அவர்கள் பாதியில் கடலைப் பார்த்த சன்னல். என் பாதியில் தெருவைப் பார்த்த சன்னல். புருஷன் போன பிறகு ஒரு தையல் மிஷினோடு வந்தவள் நான். தெருக்காரர்களுக்கு ஆக்னசக்கா.

புது ஹார்பரில் கப்பல் வரத் தொடங்கியிருந்த சமயம். ஆண்களெல்லாம் ஹார்பர் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். மனுவேல் மட்டும் சங்கு குளிப்பதை விடவில்லை. இருட்டோடு வள்ளத்தில் போய், மத்தியானத்துக்குள் பத்துத் தடவை முங்கி எழுந்துவிட்டு வருவான். உதடு நீலம் பாரித்திருக்கும். கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டியை வைத்துக்கொண்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, சன்னலைச் சாத்தச் சொல்லுவான். அதே நேரத்துக்கு பிலோமி உப்பளத்திலிருந்து வருவாள். பாதமெல்லாம் வெடித்து, கண் சிவந்து, கடல்காற்றுக்கு ஏங்கிக்கொண்டு வருவாள். ஒருத்தருக்கு உடம்பெல்லாம் கடல், ஒருத்தருக்கு உடம்பெல்லாம் வெயில். நடுவில் ஒரு சன்னல்.

பிலோமியின் தம்பி ரோச்சும் அங்கேதான் சாப்பிட வருவான். வள்ளத்தில் இருந்து மனுவேலின் கயிற்றைப் பிடிக்கிறவன் அவன். குளியாளின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உடன்பிறந்தவள் தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்ற நம்பிக்கை. கீழேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். அந்த ஒரு இழுப்பைத் தவிரக் கடலுக்குள் வேறு பேச்சு கிடையாது.

"அக்கா, மச்சான் இழுக்குத இழுப்புல பாதி சங்குக்கு, பாதி குளுருக்கு," என்பான் ரோச், சோற்றைப் பிசைந்துகொண்டு.

"ஏலே, நீ மேல வெயில்ல குந்திக்கிட்டுப் பீடி குடிக்க. கீழ எறங்கிப் பாரு, தெரியும்," என்பான் மனுவேல்.

"இனிமே இழுத்ததும் தூக்கக் கூடாதுக்கா. செத்த நேரம் ஊற வச்சாத்தான் பழகும்."

"ஊறப் போடுலே நல்லா," என்று பிலோமி சிரிப்பாள். "பெறவாவது சன்னலு தொறந்து கெடக்கட்டும்."

நானும் இந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பேன்.

அன்றைக்கும் மத்தியானம்தான். பிலோமி அப்போதுதான் அளத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ரோச் தனியாக வந்து வாசலில் நின்றான். தோளில் கயிறு.

"அவிய எங்கலே?"

"இழுத்தாவக்கா."

"எங்கன்னு கேக்கேன்."

"ஒரு இழுப்பு இழுத்தாவ. குளுருக்குத்தான் இழுக்காவன்னு நெனச்சேன். ஊறட்டும்னு செத்த நின்னேன். சிரிச்சிக்கிட்டுத்தாங்க்கா நின்னேன். பெறவு இழுத்தா, கயிறு மட்டும் வருது."

ஈரக் கையோடு பிலோமி அப்படியே நின்றாள். பிறகு கேட்டாள்.

"தண்ணி ரொம்பக் குளுருமாலே அங்கன?"

கயிற்றின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

குளியாட்கள் எல்லாரும் இறங்கித் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பில்லாமலே கோயிலில் பூசை நடந்தது. பிலோமி அழவில்லை. அழாத பெண்ணைத் தெரு ஒரு மாதிரிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. துக்கம் கேட்கப் போனவர்கள் முன்னால், உப்பில் ஊறி மரத்துப்போன தன் கால்விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு பழையபடி அளத்துக்குப் போய்வர ஆரம்பித்தாள்.

அதன்பின் ஒரு மத்தியானம். நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சன்னலைச் சாத்துகிற சத்தம்.

"இந்தா, சாத்திட்டேன். போதுமா?"

பிலோமியின் குரல். பின்னால் ஒரு இடைவெளி. யாரோ பதில் சொல்வதற்கு விட்ட இடைவெளி போல இருந்தது.

"கங்கும் போட்டிருக்கேன். வந்து உக்காருங்க."

என் கால் மிதிப்பலகையிலேயே நின்றுவிட்டது. பலகைச் சுவருக்கு மேலே இருந்த சந்து வழியாகச் சிரட்டைக் கரியின் வெக்கை வந்தது. என் முதுகில் வியர்வை இறங்கியது.

அப்புறம் சன்னல் கொண்டி நகர்ந்தது. மெதுவாக, கிறீச்சென்று.

குளிர் வந்தது.

கடல்காற்று இல்லை அது. காற்று அசைந்து வரும். இது அசையாமல் வந்தது. பாசி வாடையும், கரையில் புதைத்து அழுக வைத்த சங்குச் சதையின் வாடையும் அதோடு வந்தன.

"ஏன் தெறக்கீங்க?" என்றாள் பிலோமி.

எழுந்து அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலடியில் கங்கு சிவந்து கிடந்தது. அவள் சேலையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. சன்னல் விரியத் திறந்திருந்தது.

"நீதான தெறந்த?"

"நான் ஏங்க்கா தெறக்கப் போறேன்? அங்கன தண்ணிக்குள்ள வெறச்சுப் போயிக் கெடக்காவ. இங்கனயாவது வெதுவெதுன்னு இருக்கட்டும்னு நான் சாத்துதேன்."

"பெறவு யாரு தெறந்தா?"

"உசுரோட இருக்கயில சாத்து சாத்துன்னாவ, நான் தெறந்தேன். இப்ப நான் சாத்துதேன், அவிய தெறக்காவ. சண்டைக்காரருல்லா?"

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அழாதவளுடைய அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சாத்தப் போனேன். வெயில் நேராக விழுந்துகொண்டிருந்த இரும்புக் கொண்டி. தொட்டால் சுட வேண்டும். என் விரல் மரத்துப் போனது. பொழுது சாயும் வரை அந்த விரலில் ஊசி குத்தினாலும் உறைக்கவில்லை.

ரோச்சைக் கூப்பிட்டுச் சொன்னேன். வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, நம்ம வீட்டுக்கு வந்துரு."

"அவிய வந்து தேடுவாவலே."

"இல்லாத ஆளு எப்பிடித் தேடும்?"

"நீ பேசாத," என்றாள் பிலோமி. கோபமே இல்லாமல் சொன்னாள். "ஊறப் போடுன்னு நான்தான சொன்னேன். நீயும் பேசாத, நானும் பேசல."

அவன் திரும்பிப் போனான். வேறு யாருக்கும் கயிறு பிடிக்க அவன் போகவில்லை. கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் அந்தக் கயிறு சுருட்டிக் கிடக்கும். அதை வெட்டவும் மாட்டான், வீசவும் மாட்டான்.

தினமும் மத்தியானம் அந்தச் சண்டை நடந்தது. ஒரு குரல்தான் கேட்கும். ஆனாலும் சண்டை.

"சாத்துதேன்னு சொல்லுதேன்லா."

"..."

"குளுருமேங்க."

"..."

"ஒங்களுக்குத்தான சொல்லுதேன்."

பிறகு கொண்டி நகரும். குளிர் வரும். பயம் கூட எனக்குப் பழகிவிட்டது. பழகியதா, மரத்ததா, தெரியவில்லை. அந்த நேரம் வந்ததும் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு தைப்பேன்.

ஒரு நாள் அவள் சுத்தியல் வாங்க வந்தாள்.

"எதுக்கும்மா?"

"அந்தச் சன்னலு சாத்துனா நிக்க மாட்டேங்குக்கா."

ஆணி அடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்புறம் கதவிடுக்கில் சாக்குத் திணிக்கிற சத்தம். கரி கொட்டுகிற சத்தம். அன்றைக்குக் கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தெருப்பக்கத்துக் கதவையும் சன்னலையும் நானும் சாத்தி வைத்திருந்தேன்.

தலை கனத்தது. மிஷின் மேலேயே சாய்ந்தேன்.

கரிப்புகை என்று புத்திக்குத் தெரிந்தது. எழுந்திரு என்று சொன்னேன். கால் கேட்கவில்லை. நாக்கு எழும்பவில்லை. பஞ்சு மூட்டைக்குள் கிடக்கிற மாதிரி இருந்தது. வலியே இல்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் எனக்கு ஆகவில்லை. சாவு அவ்வளவு இதமாக வந்தது.

அந்தப் பக்கம் பிலோமி முனகினாள்.

"இப்ப வெதுவெதுன்னு இருக்குல்லா?"

தண்ணீர் சொட்டியது. பலகைக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு சொட்டாக.

சொட்டு நகர்ந்தது. கட்டில் பக்கமிருந்து சன்னல் பக்கம்.

"தெறளா."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"குளுரும்ங்க," என்றாள் பிலோமி. தூக்கத்தில் பேசுகிற குழந்தைக் குரல்.

"குளுரட்டும். தெற."

"ஆணி அடிச்சாச்சு."

பிறகு பேச்சு இல்லை. மரத்திலிருந்து ஆணி ஒன்று வெளியே வருகிற சத்தம்.

இன்னொன்று.

தெருவில் யாரோ ஓடி வந்தார்கள்.

"அக்கா! கதவத் தெற! அக்கா!"

ரோச் கதவை உதைத்தான். தாழ்ப்பாள் தெறித்தது. அதே நேரத்தில் சன்னலும் அடித்துத் திறந்திருக்க வேண்டும். பலகைச் சந்து வழியாக அந்தக் குளிர் வந்து என் முகத்தில் விழுந்தது. நான் மூச்சு விட்டேன்.

எப்படியோ தவழ்ந்து வெளியே போனேன். பிலோமியை வாசலில் கிடத்தியிருந்தான். அவள் முகத்தில் தண்ணீர் தெளித்த அவன் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தன.

"கையில என்னலே?" என்றேன்.

"கயிறு."

"கயிறு எங்கன கெடந்துச்சு?"

"வள்ளத்துக்குள்ள. காஞ்சு போயிச் சும்மாதாங்க்கா கெடந்துச்சு. மடியில எடுத்து வச்சிருந்தேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு இழுப்புக்கா. இழுத்த இழுப்புல கை பிஞ்சு போச்சு. நான் நிக்கல. இந்தத் தடவ நான் நிக்கவே இல்ல."

பிலோமி கண் திறந்தாள். வெயில் அவள் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"குளுருதுலே," என்றாள்.

அப்புறம்தான் அழுதாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். சன்னல் விரியத் திறந்திருந்தது. வெளியே அலை, வெயில். ஆணிகள் தரையில் கிடந்தன. ஒன்று கூட வளையவில்லை. எல்லாம் ஈரம். கங்குச் சட்டி நிரம்பத் தண்ணீர். விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ரோச் ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்து, அக்காளை முத்தையாபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். புறப்படும்போது கயிற்றை அந்தச் சன்னல் பக்கத்து ஆணியில் மாட்டினான்.

"அது இங்கனயே இருக்கட்டும்க்கா. கொண்டுபோனா அங்கன வந்து இழுப்பாவ."

பிலோமி சன்னலைச் சாத்தவில்லை. "வாரேன்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு அந்தப் பாதிக்கு வந்த குடித்தனங்கள் நிலைக்கவில்லை. சன்னல் நிற்கமாட்டேன் என்கிறது என்பார்கள், போய்விடுவார்கள். கடைசியில் வீட்டுக்காரர் பூட்டியே போட்டுவிட்டார். நான் மட்டும் இந்தப் பக்கம் இருக்கிறேன். வயசாகிவிட்டது. ரத்தம் சுண்டிவிட்டது. இப்போதெல்லாம் எனக்குத்தான் குளிருகிறது.

போன ஐப்பசியில் மழை பிடித்த ஒரு மத்தியானம், தாங்க முடியவில்லை. தெருச் சன்னலைச் சாத்தினேன். சட்டியில் கொஞ்சம் கங்கு போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தேன். இதமாக இருந்தது. கண் சொருகியது.

பலகைக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடக்கிற அறையில், கயிறு விறைக்கிற சத்தம்.

ஒரே ஒரு இழுப்பு.

"குளுருதுப்பா மனுவேலு," என்றேன், படுத்தபடியே. "செத்த நேரம் சாத்திக்கிடுதேனே."

தண்ணீர் சொட்டியது. பலகைக்குப் பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில்.

எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. அந்தப் பக்கம் கயிறு தளர்கிற சத்தம் கேட்கும் வரை நின்றுவிட்டு, பிறகுதான் வந்து படுத்தேன்.