நீக்கக்கூடாத பெயர்

காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளப் பதிவறைக்குள் அவள் நுழைந்தபோது ஈரக் காகித வாடை மூக்கில் ஏறியது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவள் தொழில். ஆனால் இன்றைக்கு யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. மாடியில் அவள் தங்கை குடல்வால் வெடிக்கும் நிலையில் கிடந்தாள். ஏழு வருடத்துக்கு முன்பு இதே ஆஸ்பத்திரியில் கொடுத்த மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் தங்கைக்கு மூச்சே நின்றுபோனது. எந்த மருந்து என்று வீட்டில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. சீட்டும் தொலைந்துவிட்டது. விவரம் இருப்பது இந்தப் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல டாக்டரால காத்திருக்க முடியாதும்மா," என்றாள் கூட வந்த நர்ஸ். "இங்க பதிவு எழுதினது ஒரு பெரியவர். அவர் போய்ச் சேர்ந்ததும், செத்தவருக்கு எதுக்கு யூசர் பேருன்னு ஆபீஸ்ல தூக்கிட்டாங்க. அன்னைக்கிலேருந்து ஒரு பதிவும் திறக்க மாட்டேங்குது."

அட புத்திசாலிகளே! அந்த மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பது அவர்தான். இங்கே எல்லாமே பெரியவர் கையில் இருந்திருக்கிறது. ஆபீஸில் வாங்கி வந்த நிர்வாகி பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாள். உரிமையாளர் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று வந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. அவருடைய அதே பெயரையும், அவர் முதன்முதலில் வைத்த ரகசிய எண்ணையும் பிசகாமல் போட்டு யூசரை உருவாக்கினால், மென்பொருள் அதைப் புது ஆளாக நினைக்காது. பழைய ஆளே திரும்பி வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். நல்லவேளை, மேசை இழுப்பறையில் பெரியவரின் நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்திலேயே இரண்டும் இருந்தன.

"செத்தவரை எழுப்புற மாதிரில்ல இருக்கு," என்று நர்ஸ் சிரித்தாள்.

என்டர் தட்டினாள். பதிவுகள் திறந்துகொண்டன.

அறையில் தைல வாடை அடித்தது.

நர்ஸின் சிரிப்பு நின்றது. "இது... அவர் முட்டிக்குத் தேய்க்கிற தைலம்."

அதற்கெல்லாம் நேரம் ஏது? தங்கையின் பதிவைத் தேடி, மருந்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நர்ஸ் விழுந்தடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

கால் மணி நேரத்தில் மேசைப் போன் அடித்தது. நர்ஸ்தான். "வேற மருந்து கொடுத்தாச்சும்மா. நல்லா தூங்குறா. ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகுமுன் செய்ய வேண்டியதைச் செய்தாள். வேலை முடிந்ததும் இறந்தவர் பெயரைக் கம்ப்யூட்டரில் விட்டுவைக்கக் கூடாது. தொழிலில் ஊறிப்போன பழக்கம் அது. பெரியவர் பெயரை நீக்கினாள்.

தைல வாடை சட்டென்று அற்றுப்போனது.

போன் அடித்தது.

"மூச்சு நின்னுடுச்சும்மா! என்னன்னே புரியல!"

திரையில் தங்கையின் பதிவு திறந்தபடியே இருந்தது. உரிமையாளர்: தெரியவில்லை.

நோட்டைப் பிரித்தாள். அவசரத்தில் ஓர் எண் தவறியது. அழித்தாள். மறுபடி தட்டினாள். பெயர். எண். என்டர்.

தைலம்.

"வந்துடுச்சு... மூச்சு வந்துடுச்சும்மா," என்று நர்ஸ் போனில் தேம்பினாள். "டாக்டர் இன்னும் ஒண்ணுமே செய்யல. தானா வந்துச்சு."

அவள் போனை வைத்தாள். நாற்காலியின் முதுகில் ஏதோ பாரம் சாய்ந்தது. அவள் தோளுக்கு மேலாக யாரோ திரையை எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"ஐயா," என்று கிசுகிசுத்தாள். "இனிமே உங்க பேரைத் தொடவே மாட்டேன். அவளை மட்டும் விட்டுடுங்க."

விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தங்கையின் பதிவுக்குக் கீழே புதிதாக ஒரு பதிவு நிரம்பத் தொடங்கியது, ஒற்றை விரலால் தட்டுகிறவரின் வேகத்தில், எழுத்து எழுத்தாக.

தங்கையின் பெயரல்ல, அவளுடைய பெயர். அவளுடைய வயது.

இந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. ரத்த வகையை இங்கே யாருக்கும் சொன்னதுமில்லை. அதுவும் சரியாகவே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட நாள் என்ற கட்டத்தில் நாளைய தேதி வந்து நின்றது.