மூன்றாவது பீப்

போண்டா மெல்லுகிற சத்தம் ஆட்களுக்குக் கேட்கக் கூடாது என்கிற நல்லெண்ணத்தில்தான் மேனேஜர் செங்கல்வராயன் அந்தப் பட்டனை அமுக்கினார். அமுக்க வேண்டியது அதற்குப் பக்கத்து மியூட் பட்டன். மூன்று ஊர்ப் பேச்சும் ஒரே நொடியில் அறுந்தது. மேனேஜர் போனை வைத்தால் எல்லோருக்கும் லைன் போய்விடும். அந்தக் கான்ஃபரன்ஸ் கால் ஏற்பாடு அப்படி.

வேலூர் நஜீர் மறுபடி டயல் செய்தான். ஓசூர் ராணியும் செய்தாள். பூந்தமல்லிப் பக்கம் ஆர்டர் பிடிக்கும் வேம்புலி, குமணன்சாவடி பூத்தில் நின்றிருந்தான். பின்னால் காத்திருந்த ஆள் முணுமுணுத்தார். சரி, எதிர்ப்பக்கத்து பூத்துக்குப் போவோம் என்று ஓடினான்.

பெங்களூர் லாரி அவனைவிட வேகமாக ஓடி வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு வாஷர் செய்யும் அவர்கள் கம்பெனிக்கு முதலில் இரண்டு வழி இருந்தது. கூப்பிடுகிறவனே காசு கட்டும் நம்பர் ஒன்று. கம்பெனி கட்டும் இலவச நம்பர் இன்னொன்று. இலவசமென்றால் எந்தக் கடைக்காரரும் தன் போனை எடுத்து நீட்டுவார், பூத்து தேடி அலைய வேண்டாம். "ஃப்ரீயா குட்தா இவனுங்க வாயே மூட மாட்டானுங்க" என்று முதல் நம்பரை வாங்கியவர் செங்கல்வராயன். தன் சிக்கன புத்தியை மெச்சி, அன்று தனக்குத் தானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டவரும் அவரே.

வேம்புலியின் காரியமெல்லாம் முடிந்தபின் இலவச நம்பருக்கு மாற்றினார். அவர் புத்தி டிரங்க் கால் மாதிரி, தாமதமாகத்தான் வரும்.

"என்னாலதானா?" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டார். வேம்புலியின் மனைவி சொர்ணம்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, "விதி சார்" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

புது லைனில் முதல் பேச்சு. காலை நேரம்தான், ஆனால் மழை இருட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவர் சேர்ந்தால் ஒரு பீப்.

பீப். "நஜீர், வேலூர் சார்."

பீப். "ராணி, ஓசூர்."

இனி சேர ஆள் இல்லை. செங்கல்வராயன் தொண்டையைச் செருமினார்.

பீப்.

யாரும் பெயர் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் இரைத்தது. ஓடி வந்தவனின் மூச்சு. ஜன்னல் சாத்திய அறைக்குள் டீசல் வாடை, ஈரத் தார் வாடை மெல்லப் பரவியது.

"யாருப்பா அது? நஜீர், நீயா?"

"நான் இல்ல சார்." நஜீரின் குரல் இறங்கியது. "எனக்கும் கேக்குது."

"வச்சிடுங்க சார்," ராணி கிசுகிசுத்தாள். "கட் பண்ணிடுங்க."

விரல் பட்டன் வரை போனது. இன்னொரு தடவை அவனை அறுத்துவிட மனம் வரவில்லை.

க்ளிக். ராணி போய்விட்டாள்.

க்ளிக். நஜீரும்.

மூச்சு போகவில்லை.

செங்கல்வராயன் ஸ்பீக்கரின் மேல் கவிழ்ந்தார். "வேம்புலி... நீயாச்சும் உண்மைய சொல்லுப்பா. என்னாலதானா?"



"ஆமா சார். உங்களாலதான்."

அந்தக் குரலில் கோபமே இல்லை.

"இப்ப ஃப்ரீ லைன்தான சார்? நான் வெக்கல. லைன்லயே கீறேன்."