சுருதி கொடுத்தவள்

கடைக்காரச் சீனர் கின்னரத்தைத் துணியிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தபோது அதன் ஏழு தந்திகளும் தொய்ந்து கிடந்தன. சூசையம்மாள் குனிந்து, "இது நல்லா இருக்குமா, தவுக்கே?" என்று கடை முதலாளியிடம் மலாயில் கேட்டாள். கின்னரம் சும்மா இருந்தது. வாசலில் நின்றிருந்த அவள் தங்கை ஐலீன் தெருவைப் பார்த்தபடியே, "அக்கா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள். உடனே தந்திகள் முனகின.

மெல்லிய சத்தம்தான். மூடிய டப்பாவுக்குள் ஒரு வண்டு சுற்றுவதுபோல இருந்தது. சூசையம்மாள் வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்து, உரக்க, "ஐலீன், உள்ளே வா" என்றாள். தந்திகள் அசையவில்லை. "இங்கேயே நிக்கிறேன், உள்ளே நாத்தம்" என்றாள் ஐலீன். மறுபடியும் அந்த முனகல்.

தவுக்கேயும் கேட்டுவிட்டார். சூசையம்மாளின் தலைக்கு மேலாக ஐலீனைப் பார்த்துச் சிரித்து, "பாகுஸ், நோனா! பாகுஸ்!" என்றார். நன்றாயிருக்கிறது என்று. வாங்க வந்தவள் சூசையம்மாள். பாராட்டு வாசலுக்குப் போனது.

ரயிலில் ஜொகூர் பாருவிலிருந்து செனாய் வரைக்கும் அவள் பொதியை மடியில் இறுக்கிக்கொண்டு வந்தாள். ஐலீன் பேசும்போதெல்லாம் துணிக்குள் ஏதோ துடித்தது. பேசாதே என்று சொல்லவும் முடியவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். உயிர்த்த ஞாயிறு அன்று ரப்பர் தோட்டத்துக் கோயிலில் லியோனார்ட், "ஐலீன், சுருதி குடு" என்று கேட்கக் கூடாது. அவ்வளவுதான். கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியைக் கறையான் தின்று வருஷமாகிவிட்டது. அன்றிலிருந்து, பாடகர் குழுவை நடத்தும் தோட்டத்துக் கணக்கர், கிராணி லியோனார்ட், சுருதிக்கு ஐலீனைத்தான் பார்ப்பார். அவள் கண்ணை மூடி ஒரு சுரம் கொடுப்பாள், எல்லோரும் அதில் ஏறிக்கொள்வார்கள். பின்வரிசையில் நிற்கும் சூசையம்மாளிடம் ஒருமுறை லியோனார்ட், "நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஐலீனும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்கூடச் சுருதி இருந்தது.

அம்மா இறந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஐலீனைத் தூக்கி வளர்த்தவள் சூசையம்மாள். அவளுக்கு ஊர்ப் பெயர். தங்கை பிறப்பதற்குள் அப்பா அமலநாதன் வெள்ளைக்கார டாக்டரிடம் மருந்து கட்டும் டிரெஸ்ஸராகியிருந்தார், அதனால் தங்கைக்குக் கான்வெண்டுப் பெயர். பெயர், படிப்பு, குரல் எல்லாம் அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்திருந்தன. ஆர்மோனியத்துக்குப் பதிலாக ஒரு கின்னரம் வந்துவிட்டால், அதை மீட்டுகிறவளைத்தானே லியோனார்ட் பார்த்தாக வேண்டும்?

ஆனால் சுருதி கூட்டுவது அவள் நினைத்ததுபோல இல்லை. தவுக்கே கொடுத்த சின்ன இரும்புச் சாவியைத் திருகாணியில் மாட்டித் திருப்பினால் தந்தி இறுகும். ஒரு மயிரிழை கூடினால் சுரம் எங்கோ ஓடிவிடும், திருப்பிக் கொண்டுவந்தால் கீழே விழுந்துவிடும். ஒன்றை இறுக்கினால் பக்கத்துத் தந்தி தளர்ந்தது. எது சரியான சுரம் என்று சொல்ல வீட்டில் எதுவும் இல்லை.

"என்னம்மா சூசை, பூனை வாலை மிதிச்சிட்டியா?" என்றார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே.

ஐலீன் புரைக்கேறச் சிரித்தாள். "அலமாக், அப்பா! பூனை கோவிச்சுக்கப் போகுது."

கடைசியில் சூசையம்மாள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவளையே கூப்பிட வேண்டியிருந்தது. "கீழ்ச் சுரத்தைக் குடு. நான் சொல்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இரு."

"உன் கின்னரத்துக்கும் நான்தான் சுருதியா?" என்று சொல்லிவிட்டு ஐலீன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடினாள். சூசையம்மாள் சாவியைத் திருப்பினாள். குரலுக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நடுக்கம் கேட்டது. தந்தி குரலை நெருங்க நெருங்க அந்த நடுக்கம் நிதானப்பட்டது, நீண்டது, பிறகு நின்றது. எது தங்கை, எது தந்தி என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கணம்.

ஐலீன் பாட்டை நிறுத்திக் கழுத்தைத் தடவினாள். "என்னமோ நூலை உருவின மாதிரி இருக்கு, அக்கா."

காலையில் ஈரக்காற்றில் தந்தி இறங்கியிருந்தது. மறுபடி கேட்டாள், ஐலீன் மறுபடி கொடுத்தாள். புதுத் தந்தி அப்படித்தான், திரும்பத் திரும்பக் கூட்டினால்தான் நிற்கும் என்று சூசையம்மாள் தானே கண்டுகொண்டாள். சில நாளில் தந்தி நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐலீன் கீழ்ச் சுரத்துக்கு இறங்கியபோது வெறும் காற்று வந்தது.

லியோனார்ட் கையை இறக்கினார். "சளியா?"

"தெரியல" என்றாள் ஐலீன், வியப்போடு.

பின்வரிசையில் சூசையம்மாளின் நாக்கில் ஏதோ இனித்தது. போன சுரம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று மாலையே வீட்டில் அடுத்த தந்தியில் சாவியை மாட்டினாள்.

தவக்காலம் முழுக்க அது நடந்தது. புகைக்கூடத்திலிருந்து ரப்பர் தகடுகளின் கருகல் வாடை சன்னல் வழியே வந்து அப்பாவின் கார்பாலிக் வாடையோடு கலக்கும் அந்தச் சாயங்காலங்களில், அக்கா கேட்பதைத் தங்கை கொடுத்துக்கொண்டே வந்தாள். ஐலீனின் பேச்சில் ஏற்ற இறக்கம் போய்விட்டது. கேள்வி கேட்டால் கேள்விபோல இல்லை. சிரித்தால் உஸ் என்று காற்று வந்தது. அப்பா டார்ச் அடித்து அவள் தொண்டைக்குள் பார்த்தார். புண் இல்லை, வீக்கம் இல்லை. சூசையம்மாள் தந்தியைத் தொட்டாலோ அது தேன்போலப் பேசியது. லியோனார்ட் வந்து கேட்டுவிட்டு, "அப்படியே ஐலீன் பாடற மாதிரி இருக்கு" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான எரிச்சல் பிறந்தது. குரல் போன பிறகும் எல்லாம் தங்கைக்கே. தோட்டத்துப் பெண்கள் மிளகு ரசம் கொண்டுவந்தார்கள், ஐலீனுக்கு. லியோனார்ட் விசாரித்தார், ஐலீனை. கின்னரத்தை மீட்டினாலும் ஐலீன் பெயர்தான் வருகிறது. மிச்சம் இருப்பது ஒரே தந்தி, மேல் சுரம். அதுவும் வந்துவிட்டால் அந்தப் பெயர் வராது என்று ஏனோ அவளுக்குத் தோன்றியது.

பெரிய வியாழன் பூசையில் மணிகள் கடைசியாக அடித்து ஓய்ந்தன. அப்பா வீட்டுக்கு வந்ததும் கின்னரத்தின்மேல் துணியைப் போட்டார். "மணியே சத்தம் போடாம இருக்கு. சனிக்கிழமை அல்லேலூயா பாடற வரைக்கும் இதைத் தொடாதே. ஆண்டவர் செத்துக் கிடக்கிற நேரத்தில தந்தி பேசக் கூடாது."

"சரிப்பா" என்றாள். ஆனால் தந்தி நிற்கப் பல தடவை கூட்ட வேண்டும். சனிக்கிழமை தொடங்கினால் ஞாயிறுக்குள் நிற்காது.

பெரிய வெள்ளி மத்தியானம் அப்பா ஐலீனின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார். சாயங்காலம் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போகிறவர்கள் நோயாளி இருக்கும் வீட்டில் நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவது வழக்கம். ஐலீன் படுத்தபடியே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் அது விழுந்த சத்தத்தில் வீடு உலகத்திலிருந்து அறுந்து போனதுபோல இருந்தது. உள்ளே இருட்டியது. சூசையம்மாள் விளக்கை ஏற்றினாள். பிறகு துணியை எடுத்தாள்.

ஐலீன் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேணாம், அக்கா." காற்றும் குரலும் கலந்த ஒரே மட்டமான சத்தம். "இது ஒண்ணு எனக்கு இருக்கட்டும்."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கொடுத்து வந்திருக்கிறாள்.

"ஒரே தடவை. ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் எல்லாத்தையும் தளர்த்திடறேன்."

ஐலீன் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இல்லை என்பதற்கு அவளிடம் அதற்குமேல் சத்தம் இல்லை.

சூசையம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கின்னரத்தை மடியில் வைத்து, கடைசித் திருகாணியில் சாவியை மாட்டினாள். மழையைக் கேட்டாள். பிறகு திடீரென்று கத்தினாள்.

"ஐலீன்! காலடியில பாம்பு!"

ஐலீன் அலறினாள். சுத்தமான, உயர்ந்த, ஒரே சுரம். சூசையம்மாளின் கை திரும்பியது. நடுக்கம், நிதானம், நீட்சி. நின்றது. அலறல் பாதியில் நின்றது. தந்தியில் தொடர்ந்தது.

அது ஓயச் சற்று நேரம் பிடித்தது.

ஐலீனின் வாய் திறந்தபடி இருந்தது. கண்கள் அக்காவைப் பார்த்தன. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழை தணிந்தது. அப்போதுதான் சூசையம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். யாரும் தொடாமல், மிக மெல்ல, ஏழு தந்திகளும் சேர்ந்து ஏறின. இறங்கின. மறுபடி ஏறின. கூரையிலிருந்து சொட்டும் நீரோ என்று முதலில் நினைத்தாள். இல்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு தாளம் இருந்தது. அவள் கட்டிலைப் பார்த்தாள். ஐலீனின் மார்பு அசையவில்லை. மூக்கின்கீழ் விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கண் சிமிட்டினாள், உயிரோடுதான் இருந்தாள்.

மூச்சு மடியில் இருந்தது.

சாவியைத் தேடினாள். தளர்த்திவிட வேண்டும், இப்போதே. மாட்டித் திருப்பினாள். திருகாணி எலும்பைப்போல அசையாமல் இருந்தது. இரண்டு கையாலும் திருப்பினாள். சாவி வழுக்கி விழுந்து, பலகை இடுக்கு வழியாகத் தரைக்கடியில், சேற்றில் போய் விழுந்தது.

வெளியே மரக்கட்டை தட்டும் சத்தம். மணிக்குப் பதிலாகத் தட்டுவது. டக். டக். டக். ஊர்வலம் வருகிறது.

தந்திகள் இன்னும் உரக்க ஏறின. ஐலீன் பயந்துவிட்டாள். பயந்தவளுக்கு மூச்சு வேகமாகத்தானே வரும். வாசல் வரை கேட்கும். பெரிய வெள்ளியில் தந்தி பேசுகிறது. அப்பா கேட்பார். லியோனார்ட் கேட்பார். தோட்டமே கேட்கும். கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே வார்த்தை சொல்வார்கள்: ஐலீன்.

சூசையம்மாள் உள்ளங்கையைத் தந்திகள்மேல் அழுத்தினாள்.

அமைதி.

கட்டிலில் ஐலீனின் முதுகு வளைந்தது. கை கழுத்துக்குப் போனது. சூசையம்மாள் கையை எடுத்தாள். தந்திகள் பெரிதாக ஒரு முறை ஏறி இறங்கின, ஐலீன் பாயில் விழுந்தாள், கண்ணீர் வழிந்தது. டக். டக். படிக்கட்டில் காலடி. மெழுகுவர்த்தி வாடை, நனைந்த துணி வாடை.

கையை மறுபடி வைத்தாள். முந்தானையை இழுத்து மடியை மூடினாள்.

கதவு திறந்தது. சுரூபத்தைத் தூக்கிய ஆட்கள், பின்னால் பெண்கள், முன்னால் அப்பா. விளக்குக்கும் கட்டிலுக்கும் நடுவில் சூசையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் நிழல் தங்கையின் முகத்தை முழுக்க மூடியிருந்தது.

"தூங்கறாளா?" என்றார் அப்பா, தாழ்ந்த குரலில்.

அவள் தலையசைத்தாள்.

"எழுப்ப வேணாம்" என்றார் லியோனார்ட். சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை அவளிடம் வந்து நின்றது. "சூசை, பாட்டை நீங்க எடுத்துக் குடுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். எத்தனை முகங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தனையும் அவளையே பார்த்தன. அவள் பாடுவதற்காகக் காத்திருந்தன. கைக்கடியில் தந்திகள் துடித்தன. கையை எடுத்தால் போதும்.

ஒரு விரல் எடுத்தால்கூடப் போதும்.

அவள் பாடினாள். குரல் கரகரத்தது, பிறகு சரியானது. பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். லியோனார்ட் கண்ணை மூடிக் கேட்டார். அடுத்த அடிக்குப் போனாள். அதற்கடுத்த அடிக்கும் போனாள். உள்ளங்கை அசையவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், நிழலுக்குள், ஐலீனின் விரல்கள் பாயைச் சுரண்டிக்கொண்டிருந்தன. வேகமாக. பிறகு மெல்ல. பிறகு பாட்டின் தாளத்துக்குச் சரியாக.