ஏழாம் கட்டிலின் நகல்

நடுப்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய மூடுபனி. திண்ணனூர் மருத்துவமனையின் ஆபீஸ் அறையில் லேப்டாப்பைத் திறந்தபோதே எனக்கு எரிச்சல். ஐந்து மணிக்கு விசாரணை. அதற்குள் வார்டின் அழைப்பு மணியைச் சோதித்து, நர்ஸ் சுகுணாவின் வேலை நிலைக்குமா போகுமா என்று நான் சொல்ல வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பழைய வார்டின் ஏழாம் கட்டிலில் சென்னம்மாள் இறந்துபோனார். அம்மா அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருந்தார் என்கிறாள் மகள். சுகுணா ஒரே பேச்சில் நின்றாள்.

"பெல்லே கேக்கலீங்க சார். கேட்டிருந்தா ஓடியிருப்பனுங்க."

வார்டு, மருந்தறை, ஆபீஸ் என்று வரிசையாக, கம்பிகளை இணைக்கும் மூன்று ஸ்விட்ச் பெட்டிகள். நர்ஸ் மேசையின் மணி ஆபீஸ் பெட்டியோடு சேர்ந்தது. வார்டிலிருந்து கிளம்பும் அழைப்பின் நகலை அவற்றின் வழியே என் திரைக்குக் கொண்டுவர, கம்பிக்குள்ளேயே ஒரு தனிப்பாதை போட வேண்டும். வி-லான் என்போம். போட்டேன். அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கும் வார்டைத் திறந்து ஏழாம் கட்டில் பட்டனை அழுத்தச் சொல்லிச் சுகுணாவை அனுப்பினேன்.

ஒன்றும் வரவில்லை.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ம்ஹூம். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இரண்டு முனைக்கும் சொன்ன நான், நடுவில் இருக்கும் மருந்தறைப் பெட்டிக்குச் சொல்லவில்லை. சனியனே என்று என்னையே திட்டிக்கொண்டு அதன் பாதைப் பட்டியலைத் திறந்தேன்.

நர்ஸ் மேசை மணிக்குப் போகும் பாதையும் அதில் இல்லை.

தை மாதம் இதையெல்லாம் அமைத்தவன் நான்தான். அன்றைக்கும் நடுப்பெட்டியை மறந்திருக்கிறேன். அந்தம்மாள் அழுத்திய ஒவ்வொரு அழைப்பும் மருந்தறையோடு நின்றுபோயிருக்கிறது. ஆனாலும் நகலின் பாதையை மட்டும் சேர்த்தேன். மணியின் பாதையைத் தொட்டால் இன்றைய தேதியோடு பதிவாகி, இதுவரை அது இல்லை என்பது தெரிந்துவிடும். தொடவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. ஏழாம் கட்டில்.

அழைப்போடு குரலும் வரும்; ஹெட்போனை மாட்டினேன். இழுத்து இழுத்து மூச்சு.

"கண்ணு... தண்ணி..."

சுகுணா விளையாடுகிறாள் என்று கோபம் வந்தது. அப்போது கதவருகில் நிழல்.

"பூட்டு துருப்புடிச்சுக் கெடக்குதுங்க சார். தொறக்கவே முடியல."

சாவி அவள் கையில் இருந்தது.

ஹெட்போனை நீட்டினேன். கேட்டவள் முகம் வெளுத்தது. "அந்தம்மாதானுங்க," என்று முணுமுணுத்தாள்.

நகல் பாதையை அழித்தேன். வரிகள் நிற்கவில்லை. லேப்டாப்பிலிருந்து கம்பியைப் பிடுங்கினேன்.

அடுத்த வரி வந்தது.

நகல் என்றால் அசல் யாருக்குப் போனதோ அந்த முகவரிதான் அதிலும் இருக்கும். இதுவரை வந்த வரிகளில் நர்ஸ் மேசையின் முகவரி இருந்தது. இந்த வரியில் இருந்தது என் லேப்டாப்பின் முகவரி.

"யாரைங்க சார் கூப்புடறாங்க?"

மணி சரியாகத்தான் இருந்தது என்று ஐந்து மணிக்குப் பொய் சொல்வதாக இருந்தேன்.

"என்னைத்தான் சுகுணா. தப்பு என்னுது."

பிடுங்கிய கம்பி இன்னும் என் கையில்தான் இருந்தது. திரையில் மறுபடியும் ஏழாம் கட்டில்.