படத்தின் நடுவில் விழுந்த பல்

“ஆளை மாத்துவம் எண்டு நான் சொல்லி முடிக்க முதலே—”

“மாத்தேலாது எமில்! பாதிப் படம் எடுத்தாச்சு—”

“பாதிப் படத்திலை பல் இருக்கு, மிச்சப் படத்திலை பல் இல்லை! பாக்கிற சனம் சிரிக்கும்!”

“உனக்குப் பல் விழேல்லையோ?”

“விழுந்தது. படத்துக்கு நடுவிலை விழேல்லை!”

லவீனாவும் எமில்ராஜும் போட்ட சத்தத்தில், மதிலுக்கு அப்பால் வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். இருவருக்கும் நடுவில் ஜெரோசன் நின்றான். இரண்டாம் வகுப்பு. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

கொழும்புத்துறைக் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர்களுடைய ஆரம்பப் பள்ளிக்கூடம். அதன் முழுப்பெயரைச் சொன்னால் ஓட்டோக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். “படம் எடுக்கிற பள்ளிக்கூடம்” என்றால் நேரே வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளே கதை எழுதி, பிள்ளைகளே நடித்து, நிரோஜினி ரீச்சரின் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுப்பார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி ஊருக்கே காட்டுவார்கள்.

ஓட்டோ ஓடும் சுரேஸ் அண்ணை சின்ன வயதில் ஒரு படத்தில் தேங்காய்க் கள்ளனாக நடித்தவர். இப்போது பெரிய மீசை வைத்திருக்கிறார். ஆனாலும் சந்தியில் கண்டால், “தேங்காய்க் கள்ளன் போறார்!” என்றுதான் பிள்ளைகள் கத்துவார்கள். அவரும் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டுவார்.

இந்த வருடப் படத்துக்கு லவீனாதான் இயக்குநர். எமில்ராஜ் கமராக்காரன். இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு இதுதான் இங்கே கடைசிப் படம்.

கதை சின்னது. ஓர் அப்பா முல்லைத்தீவுக்கு மீன்பிடிக்கப் போகிறார். மகன் வழியனுப்புகிறான். நாட்கள் போகின்றன. அப்பா திரும்பி வருகிறார். மகன் ஓடிவருகிறான்.

வழியனுப்பும் காட்சியை எடுத்தாயிற்று. அதில் நின்ற அப்பா வேறு யாருமில்லை, ஜெரோசனின் சொந்த அப்பா பிலிப்புதான். அன்று அவர் உண்மையாகவே முல்லைத்தீவுக்குப் புறப்பட்டார். வலைமூட்டைகளோடு லொறியில் ஏறி நின்றார். “கெதியா வாங்கோ அப்பா!” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஜெரோசன் கை காட்டினான். லொறி வளைவில் மறையும்வரை எமில்ராஜ் படம் பிடித்தான்.

இன்று மிச்சக் காட்சியை எடுக்க வந்தால், முன்பல்லைக் காணவில்லை.

“எப்பிடியடா விழுந்தது?” என்று கேட்டான் எமில்ராஜ்.

“புழுக்கொடியல் கடிச்சனான்.”

“கல்லு மாதிரிக் காய்ஞ்ச பனங்கிழங்கை, படம் முடியமுதல் யாரடா உன்னைக் கடிக்கச் சொன்னது?”

“பசிச்சது.”

எமில்ராஜ் லவீனாவின் பக்கம் திரும்பினான். “கோகுலனுக்கு எல்லாப் பல்லும் இருக்கு. அவனை வைச்சு முதலிலை இருந்து எடுப்பம்,” என்றான்.

பக்கத்தில் நின்ற கோகுலன் ஈயென்று தன் பற்களைக் காட்டினான்.

ஜெரோசன் மெல்லக் கையை எடுத்தான். “அப்ப, எங்கடை அப்பா நிக்கிற துண்டு?”

“அதையும் வெட்டத்தான் வேணும்.”

“எங்கடை அப்பாவை வெட்டாதேங்கோ அண்ணை!”

பல் இல்லாத இடத்தால் காற்றுப் போய், அவன் பேச்சு விசில் அடித்தது. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஜெரோசன் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு கணினி அறைக்குள் ஓடிவிட்டான்.

நிரோஜினி ரீச்சர் வெளியே வந்தார்.

“என்ன சண்டை?”

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ரீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

“படம் உங்கடை. நீங்களே முடிவெடுங்கோ. ஆனா இன்னொண்டும் மிச்சம் இருக்கு. நாள் போனதை எப்பிடிக் காட்டப் போறீங்கள்?”

“பலகையிலை ‘கன நாளுக்குப் பிறகு’ எண்டு எழுதிக் காட்டுவம் ரீச்சர்,” என்றான் எமில்ராஜ்.

“எழுதிக் காட்ட இது கொப்பியோ? பாக்கேக்கை தெரியவேணும்.”

எமில்ராஜ் தலையைச் சொறிந்தான். அதற்காக அவன் ஏற்கெனவே வீட்டுக் கலண்டரைக் கிழித்தாயிற்று. தாள் தாளாகக் கிழித்துக் கமராவின்முன் காட்ட நினைத்தார்கள். காற்று அடித்தது. கார்த்திகை மாதம் முழுவதும் மதிலைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது. அவனுடைய அம்மா இப்போதும் தேதி பார்க்கப் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறார்.

லவீனா கணினி அறைக்குப் போனாள். ஜெரோசன் மேசைக்குக் கீழே இருந்தான்.

“வெளியிலை வா.”

தலை மட்டும் இல்லை என்று ஆடியது.

“வந்தால் உனக்கொரு நண்டு காட்டுவன்.”

கொஞ்ச நேரத்தில் ஒரு கண் எட்டிப்பார்த்தது. “உயிர் நண்டோ?”

“அதைவிடப் பெரிய நண்டு.”

லவீனா கணினியில் பழைய படம் ஒன்றைப் போட்டாள். சிவப்புத் தாளில் செய்த கொடுக்குகளோடு ஒரு குட்டி நண்டு பக்கவாட்டில் நடந்து வந்தது. நடந்து நடந்து, போய் மதிலில் டொம்மென்று முட்டியது.

ஜெரோசன் மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்துவிட்டான். “அக்கா, அது நீங்களோ?”

“ஓம். முதலாம் வகுப்பு. அழுகை வந்தது. நண்டு அழாது எண்டு ரீச்சர் சொன்னவ. அதாலை அழேல்லை.”

“பின்னாலை நிக்கிற பனைமரம் மூக்குச் சொறியுது!”

“அது எமில்.”

ஜெரோசன் கையை எடுத்துவிட்டுச் சிரித்தான். லவீனாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் பனைமரத்தில் இல்லை. நண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜம்புப் பழமரக் கன்று நின்றது. அப்போது அது அவள் உயரம். இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. அது எப்போது வளர்ந்தது? தினமும் அதன் கீழே இருந்துதானே சாப்பிட்டாள்?

அடுத்த படத்தைப் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள்.

“இது நண்டுக்குப் பிறகு எடுத்தது, என்னக்கா?”

“உனக்கு எப்பிடித் தெரியும்? நீ அப்ப பள்ளிக்கூடத்துக்கே வரேல்லையே.”

“நண்டுக்குப் பல் இருந்தது. இதிலை உங்களுக்கு இரண்டு பல் இல்லை. மற்றதிலை முயல் மாதிரிப் பெரிசா முளைச்சிருக்கு. அப்ப அதுதான் கடைசி.”

லவீனாவின் கை அப்படியே நின்றது.

“திருப்பிச் சொல்லு.”

“முயல் மாதிரி—”

“அதில்லை! முதல் சொன்னது!” என்றவள், அவன் சொல்லும்வரை நிற்கவில்லை. “எமில்! எடேய் எமில்!” என்று முற்றத்துக்கு ஓடினாள்.

“அப்பா போகேக்கை பல் இருக்கு. வரேக்கை பல் இல்லை. நாள் போனது பாக்கிற எல்லாருக்கும் தெரியும். பலகையும் வேண்டாம், கலண்டரும் வேண்டாம்!”

எமில்ராஜ் இடுப்பில் கைவைத்தான்.

“அப்ப நான் அம்மாட்டை அடிவாங்கினது சும்மாவோ?” என்றான்.

ஜெரோசன் மட்டும் வாசற்படியிலேயே நின்றான். “சனம் சிரிக்குமோ அக்கா?”

லவீனா அவன் பக்கத்தில் போய் இருந்தாள். “சிரிக்கும். நண்டுக்கும் சிரிச்சவைதான். உனக்கு விருப்பமில்லாட்டி எடுக்கமாட்டம்.”

ஜெரோசன் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்தான். உள்ளே பஞ்சு. பஞ்சின் நடுவில் பல்.

“கூரையிலை எறியச் சொல்லி அம்மா சொன்னவ. நான் எறியேல்லை. அப்பாக்குக் காட்ட வைச்சிருக்கிறன்.”

“அப்ப படத்திலையும் அதையே செய்,” என்றாள் லவீனா. “ஓடிவந்து அப்பாக்குக் காட்டு. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை.”

அப்பா வேடத்தில் கமராவுக்குப் பக்கத்தில் கோகுலன் நின்றான். ஜெரோசன் யாரையாவது பார்த்து ஓடிவர வேண்டுமே. கோகுலன் தொப்பி போட்டு, கண்மையால் மீசையும் கீறியிருந்தான்.

“உன்னைப் படத்திலை காட்டமாட்டமடா,” என்றான் எமில்ராஜ்.

“எண்டாலும் இருக்கட்டும்.”

ஜெரோசன் ஓடிவந்தான். மூச்சிரைக்க நின்றான். தீப்பெட்டியைத் திறந்தான். பிறகு வாயையும் திறந்தான். இவ்வளவு பெரிய சிரிப்பை எமில்ராஜ் தன் கமராவில் பார்த்ததே இல்லை. “கட்” சொல்ல லவீனாவுக்கு மறந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. சுரேஸ் அண்ணைகூட வந்து கதவோரத்தில் நின்றார். ஜெரோசனின் அம்மா முன்வரிசையில் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். வீடியோ அழைப்பில், முல்லைத்தீவுக் கடற்கரைக் கொட்டிலில் இருந்தபடி பிலிப்பு படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லொறி புறப்பட்டது. ஜெரோசன் கை காட்டினான். லொறி மறைந்தது. வெறும் வீதி. அடுத்ததாக அதே வீதியில் அவன் ஓடிவந்து, தீப்பெட்டியைத் திறந்து, பல் இல்லாத வாயால் சிரித்தான்.

மண்டபம் சிரித்தது. பிறகு, ஏனோ, அமைதியானது. அந்த அமைதிக்குள் தொலைபேசியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“எடேய் தம்பி, நான் வாறதுக்குள்ளை பல்லும் விழுந்திட்டுதோ!”

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெரோசன் கதிரையில் ஏறி நின்று, தொலைபேசிக்கு நேரே தீப்பெட்டியை நீட்டினான்.

சனம் போனபிறகு, வெள்ளைத் துணியின் ஒரு முனையை லவீனாவும் மறுமுனையை எமில்ராஜும் பிடித்து மடித்தார்கள். மடித்து முடிந்த பின்னும் லவீனா அதைக் கீழே வைக்கவில்லை.

யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஜெரோசன். வாயைத் திறந்து, விரலால் ஒரு பல்லை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினான்.

“அக்கா, இஞ்சை பாருங்கோ, பக்கத்துப் பல்லும் ஆடுது! நாங்கள் அடுத்த படம் எப்ப எடுப்பம்?”