நீல முயல் காணாமற்போன மத்தியானம்

1997 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 1.30.

மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் மத்தியானத் தூக்கம் முடிந்து ஒன்பது பிள்ளைகள் எழுந்தார்கள். எட்டுப் பேர் பால் கேட்டார்கள். ஒன்பதாவது ஆள் ஜெயந்தினி, வயது மூன்றரை. அவள் பாயைத் தடவினாள், பாயைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு கூரைத் தகரம் அதிர அழுதாள். அவளுடைய நீல முயலைக் காணோம்.

பொம்மைதானே என்று சொல்லிவிடாதீர்கள். அவள் அம்மா பிரசவத்துக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து நாளாகிறது. போவதற்கு முதல்நாள் தன் பழைய ரவிக்கையை வெட்டி அந்த முயலைத் தைத்துக் கொடுத்திருந்தாள். அதன் வயிற்றில் மூக்கைப் புதைத்தால்தான் பிள்ளைக்குக் கண் சொக்கும். முயல் இல்லாத அன்று இரவு அவளும் தூங்கவில்லை, அந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவரையும் தூங்க விடவுமில்லை.

புதன்கிழமை. காலை 10.15.

பிள்ளைகளின் நலன் பார்க்கும் அதிகாரி சத்தியபாமா படலையைத் திறந்துகொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் உத்தியோகம். நேற்றும் வந்து பாதிப் பிள்ளைகளை எடை நிறுத்துவிட்டு ஒரு மணிக்குப் போனவர். மண் சரிந்து பாதை உடைந்து பத்து நாள் ஆவதால் நாலு மைல் நடை. தராசைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் வழக்கு வந்துவிட்டது.

ஜெயந்தினியின் அப்பா கந்தப்பன் வேலைக்குப் போகாமல் நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன. பால் கொண்டுவரும் மாடசாமியின் நாய்தான் முயலைக் கவ்விக்கொண்டு போனது என்று சத்தியம் செய்தான். மாடசாமி தன் நாய் வெள்ளிக்கிழமை கருவாடுகூடத் தொடாது என்றார். நாய் இருவருக்கும் வாலாட்டியது.

சத்தியபாமா தராசை ஓரமாக வைத்தார். கணக்குப் புதிரும் களவும் கண்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"கதவு எப்ப பூட்டினது?"

"பன்னெண்டுக்கு உள்தாழ்ப்பா போட்டேங்க மிஸ். கொரங்குத் தொல்லை" என்றாள் பிள்ளைகளைப் பார்க்கும் ரெங்கம்மா.

"பிறகு திறந்தது?"

"பன்னெண்டு நாப்பதுக்கு, பால் வாங்க. ஒடனே போட்டுட்டேன். அப்புறம் நீங்க போறப்ப ஒரு மணிக்கு."

சன்னல்களில் கம்பிவலை. நாய் மாடசாமியோடு வந்து மாடசாமியோடு போயிருக்கிறது. அதைவிட ஒன்று சத்தியபாமாவின் நெஞ்சைக் குத்தியது. ஒரு மணிக்குக் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்த ஜெயந்தினியின் கையை அவரே எடுத்துப் பாய்மேல் வைத்தார். முயலோடு தூங்கப் போன பிள்ளையின் கை வெறுமையாகத்தான் இருந்தது. ஆக, தான் உள்ளே இருக்கும்போதே களவு நடந்திருக்கிறது! அவருக்கு ரோசம் வந்துவிட்டது.

நேற்றைய மத்தியானத்தை மனத்துக்குள் மறுபடி ஓட்டினார். பன்னிரண்டு இருபதுக்குத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனது, அங்கே தேயிலை டின் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, திரும்பி முன்பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் பாய்கள். பன்னிரண்டு ஐம்பதுக்கு ரெங்கம்மா பால் கலக்காத வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்தது, மிதந்த நூலை மரியாதைக்காகச் சொல்லாமல் எடுத்துப் போட்டது, பிரமாதம் என்று பாராட்டியது. பிறகு கிளம்பியது.

கந்தப்பனிடம் திரும்பினார். "முயலுக்குள்ள என்ன வச்சுத் தைச்சவ?"

"பஞ்சுங்க மிஸ்" என்று அவன் தன் கால் பெருவிரலிடம் சொன்னான்.

விசும்பிக்கொண்டிருந்த ஜெயந்தினி தலையாட்டி மறுத்தாள். "அமுக்குனா சரசரன்னு பேசும்."

பஞ்சு பேசாது. சத்தியபாமா யோசித்தபடியே கைப்பையைத் திறந்து, கீழே இரவு தங்கிய இடத்தில் றஹீம் கடையில் வாங்கிய தேயிலைப் பைக்கற்றை ரெங்கம்மாவிடம் நீட்டினார். கவிழ்ந்த டின்னைப் பார்த்த நினைவில் வாங்கியது. வாய் அவிழ்ந்து கொஞ்சம் தூள் சிந்தியது.

ஜெயந்தினியின் அழுகை பாதியில் நின்றது. மூக்கு விடைத்தது. ஓடிவந்து பைக்கற்றைப் பிடுங்கி முகத்தோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள்.

இரண்டு நிமிடம். சத்தியபாமாவின் மடியில் ஏறித் தூங்கிப்போனாள்.

சத்தியபாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இவளின்ர அம்மாவுக்கு எங்க வேலை?"

"கீழ பேக்டரியில, தூள் சலிக்கிற எடத்துல" என்றான் கந்தப்பன். பிறகு உடைந்துவிட்டான். "அதுக்குள்ள இருந்தது தேயிலத்தூளுதாங்க மிஸ். பாதை ஒடையுறதுக்கு முந்தி தோட்டத்துல எங்களுக்குக் குடுத்த தூளு. பேக்டரியில தூக்குனதுன்னு நெனைச்சுருவீங்கன்னு பயந்துட்டேன்."

"நல்லது. இப்ப நான் சொல்லுறன். பாதை உடைஞ்சதால பத்து நாளா மேல தூள் வரேல்ல, ஒரு வீட்டிலயும் இல்லை. பன்னெண்டு இருபதுக்கு இங்க டின் காலி. பன்னெண்டு ஐம்பதுக்கு என்ர கையில நல்ல மணமான தேத்தண்ணி. இடையில கதவால வந்தது பால் மட்டும். அப்ப தூள் எங்கயிருந்து வந்தது? கோப்பையில கிடந்த நூலை எடுத்துப் போட்டன், சாயத்தில கறுப்பு எண்டு நினைச்சன். அது முயலின்ர நீல நூல்."

ரெங்கம்மாவின் கண் நிறைந்தது. இடுப்புச் சேலை மடிப்பிலிருந்து தட்டையாகிப்போன நீல முயலை எடுத்து வைத்தாள்.

"நாலு மைலு மழையில நடந்து வந்தீங்க. தேயிலத் தோட்டத்துக்கு வந்தவங்ககிட்ட தேத்தண்ணி இல்லேன்னு எந்த வாயால சொல்றது மிஸ்?"

இரண்டு கரண்டி எடுத்துவிட்டுத் தைத்துவிடலாம் என்றுதான் தையலைப் பிரித்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து மாடசாமி கதவைத் தட்ட, கை தவறி, மிச்சத் தூள் முழுக்கத் துணி அலசும் வாளிக்குள் கொட்டிவிட்டது. தூள் வந்ததும் நிரப்பிக் கொடுக்கலாம் என்று ஒளித்தாள். பிள்ளை அழுவதைப் பொறுக்க முடியாவிட்டாலும், அதிகாரியிடம் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது.

சத்தியபாமா அவளையே பார்த்தார். பிறகு பிள்ளை எழுந்துவிடக்கூடாதே என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"களவெடுத்தது நீங்கள். குடிச்சது நான். பாராட்டினதும் நான். ஆரை ஆர் பிடிச்சுக் குடுக்கிறது?"

காலை 11.05. ரெங்கம்மா பைக்கற்றை மெல்ல உருவி முயலின் வயிற்றில் கொட்டி, இரட்டைத் தையல் போட்டாள். கந்தப்பன் பாதி ரொட்டியைப் பிய்த்து நாய்க்குப் போட்டுச் சமாதானம் பேசினான். முயலைக் கையில் வைத்ததும் ஜெயந்தினி கண் திறக்காமலே அதன் வயிற்றில் மூக்கைப் புதைத்தாள். முயல் சரசரவென்றது.

அப்போதுதான் ரெங்கம்மாவுக்கு உறைத்தது. பைக்கற் காலி. டின்னும் காலி. மறுபடியும் ஒரு விருந்தாளி. அவள் பார்வை தன்னையறியாமல் முயல் பக்கம் போனது.

"வேண்டாம்" என்றார் சத்தியபாமா, முயலின் மேல் கையை வைத்து. "இண்டைக்கு எனக்குச் சுடுதண்ணியே போதும்."