காற்றில்லாத கூடத்தில் ஒரு காற்றாலை

மார்ச் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. எடுத்துச் செல்லத்தக்க சிறு காற்றாலை ஒன்றை எங்களுக்கு விற்ற நிறுவனத்திடமிருந்து இன்று காலை ஒரு பதில் வந்தது. அதில் மூன்று பிழைகள் உள்ளன. முதலிரண்டும் ஒற்றுப் பிழைகள். சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன். மூன்றாவது பொய். 'காற்று வீசாத இடத்தில் இக்கருவி சுழலாது' என்று எழுதியிருக்கிறார்கள்.

சுழலும். நான் பார்த்தேன். என் மனைவியின் உயிர் இப்போது அந்த இறக்கைகளோடு பிணைந்து கிடப்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

என் மனைவி தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் பணிபுரிந்தவள். பதினெட்டு ஆண்டுகளாக அவளுக்கு இழுப்பு நோய் உண்டு. நாள்தோறும் இருமுறை நெபுலைசரில் மருந்தை ஆவியாக்கி இழுத்தாக வேண்டும். மேட்டுநிலத்து ஏரியில் பறவைகள் இறங்குவதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அங்கே மின்சாரம் இல்லை என்பதால் நான் மறுத்துவந்தேன். என் மருமகன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கூடாரம் அடித்துத் தங்குவதில் பித்துக் கொண்டவர். பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் குடைபோல மடங்கும் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை நீளத்தில் மூன்று இறக்கைகள், ஒன்றனுள் ஒன்று நுழையும் கம்பம், செங்கல் அளவில் ஒரு மின்கலம்.

"மொத்தமே ரெண்டு கிலோ மாமா. இத நட்டு வச்சா போனு, லைட்டு, அத்தையோட மெஷினு எல்லாம் சார்ஜ் ஆயிடும்."

"காற்று இல்லையென்றால்?"

"மலை மேல காத்து இல்லாம இருக்குமா மாமா?"

"அப்படியே இல்லாட்டி என்ன மாப்பிள்ளை," என்றாள் என் மனைவி. "உங்க மாமாவ அது முன்னாடி உக்கார வச்சு ஒற்றுப் பிழையப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க. புயலே அடிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் சம்மதித்தேன்.

மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நாங்கள் மூவர் மட்டும் சென்றோம். ஜீப் ஓட்டுநர் எங்களை இறக்கிவிட்டு, மூன்றாம் நாள் நண்பகலில் வருவதாகச் சொல்லிப் போனார். ஏரிக்கு மேலே, நெடுங்காலத்துக்கு முன்பே கைவிடப்பட்ட நுரையீரல் நோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. ஒரே நீளக் கூடம். மூன்று பக்கமும் சுவர். ஏரியை நோக்கிய நான்காம் பக்கம் முழுவதும் திறப்பு. நோயாளிகளுக்குக் காற்றே மருந்தாக இருந்த காலத்துக் கட்டடம். கூரை உறுதியாக இருந்ததால் கூடாரத்தை உள்ளேயே அடித்தோம்.

வெளியே பாறை, முளை இறங்கவில்லை. கூடத்தின் தரையிலோ கட்டில் கிடந்த ஒவ்வோர் இடத்துக்கும் அருகில், தலைமாட்டை ஒட்டி, ஓர் இரும்புக் குழல் பதிக்கப்பட்டிருந்தது. மருமகன் அவற்றுள் ஒன்றில் காற்றாலையின் கம்பத்தைச் செருகினார். சிறிதும் ஆட்டமில்லாமல் பொருந்தியது.

"பாருங்க மாமா, நமக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

பின்சுவரில் நீல வண்ணத்தால் ஓர் அட்டவணை எழுதப்பட்டிருந்தது. இரண்டு கட்டங்கள்: 'ஊதுபவர்', 'பெறுபவர்'. கீழிருந்த பெயர்களை மழைச்சாரல் கழுவியிருந்தது. 'மாலை மணி 3' என்பது மட்டும் தெளிவாக இருந்தது. பொருள் விளங்கவில்லை. நல்ல கையெழுத்து, பிழையில்லாத எழுத்து என்று மட்டும் எண்ணிக்கொண்டேன். மனிதன் எதைக் கவனிக்க வேண்டுமோ அதைக் கவனிப்பதில்லை.

முதல் நாள் காற்று நன்றாக வீசியது. இறக்கைகள் விர்ரென்று சுழன்றன. மின்கலத்தில் நான்கு பச்சைப் புள்ளிகளும் எரிந்தன. மாலையில் பறவைகள் இறங்கின. என் மனைவி குழந்தையைப்போல எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் விடியலில் காற்று நின்றது.

குறையவில்லை, நின்றது. அடுப்புப் புகை தூக்குநூல் பிடித்தாற்போல நேராக எழுந்தது. ஏரியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காலை மருந்துக்குப் பிறகு மின்கலத்தில் ஒரு புள்ளி எஞ்சியது. நண்பகலில் அதுவும் அணைந்தது.

இரண்டரை மணிக்கு அவளுக்கு இழுப்புத் தொடங்கியது.

கையிலிருந்த இன்ஹேலரை இருமுறை அழுத்தினோம். பயனில்லை. கைபேசியில் தொடர்பு இல்லை. அண்மையிலுள்ள வீட்டுக்கு இரண்டு மணி நேர நடை. மருமகன் இறக்கைகளைக் கையால் சுழற்றிப் பார்த்தார். விளக்கு மினுங்கி அணைந்தது. நான் மனைவியை என் தோளில் சாய்த்து, குறிப்பேட்டால் விசிறிக்கொண்டிருந்தேன். அவள் உதடுகள் நீலம் பாரித்தன. நெஞ்சு ஏறியது, இறங்க மறுத்தது.

"நான் ஓடிப் போய் ஆளக் கூட்டிட்டு வரேன் மாமா," என்று மருமகன் காலணியை மாட்டினார். காலணிக் கயிற்றை முடிச்சிட அவரால் முடியவில்லை.

மணி மூன்று. அப்போது இறக்கைகள் அசைந்தன.

அரைச் சுற்று. நின்றன.

மீண்டும் அரைச் சுற்று. நின்றன.

நான் அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தின் மேலிருந்து ஒரு காய்ந்த இலை சிலந்தி இழையில் தொங்கியது. இழை எவ்வளவு மெல்லியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இலை அசையவில்லை.

இறக்கைகள் சுழன்றன. நின்றன. சுழன்றன. நின்றன. காற்று அப்படி வீசாது. அப்படி இயங்குவது உலகில் ஒன்றுதான்.

"மாமா! ஏறுது! புள்ளி எரியுது பாருங்க!" என்று மருமகன் கூவினார். அவருக்கு இலை கண்ணில் படவில்லை. நெபுலைசரை மின்கலத்தோடு இணைத்தார். அது உறுமத் தொடங்கியது. முகமூடியை மனைவியின் முகத்தில் பொருத்தினேன். கால் மணியில் அவள் உதடுகளில் சிவப்புத் திரும்பியது.

நான் எழுந்து இறக்கைகளுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது.

அது ஏரிப் பக்கத்திலிருந்து வரவில்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஒரு காலத்தில் தலையணை இருந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து, மேல்நோக்கி வந்தது. கிருமிநாசினியின் நெடி; அதற்கடியில் காய்ச்சல்காரரின் வாய் நாற்றம்.

"யார்?" என்று கேட்டேன்.

இறக்கைகள் நின்றன. நெபுலைசரின் உறுமல் தேய்ந்தது.

முகமூடிக்குள்ளிருந்து மனைவி முணுமுணுத்தாள். கண்கள் மூடியிருந்தன.

"கேள்வி கேக்காதீங்க. பேசிக்கிட்டே ஊத அவளால முடியாது."

இறக்கைகள் மறுபடியும் சுழன்றன. நான் அதன்பின் வாய் திறக்கவில்லை. நான்கு மணிக்கு நான்கு புள்ளிகளும் எரிந்தன. பிறகு, மிகவும் களைத்த ஒருவர் படுக்கையில் சாய்வதைப்போல ஓர் ஓசை. அவ்வளவே.

மறுநாள் நண்பகலில் ஜீப் வந்தது. வழியில் ஓட்டுநரிடம் அந்த அட்டவணையைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா சார்? அந்தக் காலத்துல மூச்சு முட்டுறவங்களுக்குத் துருத்தி வச்சு ஊதணும். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு துருத்திக் கம்பம் இருந்துச்சாம். வேலைக்கு ஆளு பத்தாது. அதனால நோயாளிங்களே முறை வச்சு ஊதிக்குவாங்களாம். மூணு மணி முறைன்னு பேரு. ஒருத்தர் ஊதினதை வாங்கிப் பிழைச்சவங்க, தேறினதும் அடுத்தவங்களுக்கு ஊதணும்."

"பிழைத்தவர் ஊதாமல் வீட்டுக்குப் போய்விட்டால்?"

கண்ணாடி வழியே அவர் என் மனைவியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா நல்லாத்தான இருக்காங்க?" என்றார். பிறகு வண்டியை விரட்டினார்.

வீடு திரும்பிய இரண்டாம் நாள். காற்றாலை பையோடு அலமாரியின் மேல் கிடந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பைக்குள் ஏதோ உரசியது. எலியென்று எண்ணிக் கம்பைத் தேடிக்கொண்டு அறைக்குள் நுழைந்தேன்.

என் மனைவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உதடுகளைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அவள் ஊதும்போது பை உரசியது. அவள் இழுக்கும்போது பை அடங்கியது.

ஒரு மணி நேரம். எழுப்பியும் விழிக்கவில்லை. நான்கு மணிக்கு விழித்து, "ஏங்க, தூங்கிட்டேனா? காப்பி வேணுமா?" என்றாள். சொற்களுக்கிடையே மூச்சு வாங்கினாள்.

ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று வாரந்தோறும் பார்க்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். பயணத்துக்கு முன்பு நாற்பத்தொன்று. அந்த வார இறுதியில் முப்பது. அடுத்த நான்கு நாள்களில் இருபத்திரண்டு. மருந்தை மாற்றினார் மருத்துவர், குறைவு மாறவில்லை.

ஒரு நாள் நான் அவளருகே உட்கார்ந்து, அவளுக்கு முன்பாகவே ஊதத் தொடங்கினேன். அவள் உதடுகள் மூடிக்கொண்டன; சாய்ந்து உறங்கினாள். அன்று அவள் எண்ணிக்கை குறையவில்லை. என்னால்தான் மாடிப்படி ஏற முடியவில்லை. எழுபத்திரண்டு வயது. நான்காம் நாள் மயங்கி விழுந்தேன். மருமகன் முறையை வாங்கிக்கொண்டார். மூன்று நாள் ஊதினார். நான்காம் நாள் காலை, லிஃப்ட் குழிக்குள் வேலை செய்யும்போது மூச்சுத் திணறித் தடுமாறியிருக்கிறார். உடன் வேலை செய்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் ஐந்து மாடி.

மகள் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்பா, அம்மாவக் காப்பாத்தணும். ஆனா இவரக் குடுத்துக் காப்பாத்த முடியாதுப்பா. எனக்குன்னு இருக்கறது இவர் ஒருத்தர்தான்."

"தெரியும்மா," என்றேன்.

மருமகன் மாடிப்படியில் உட்கார்ந்தபடி, "நான் ஊதிடறேன் விடு. எனக்கு என்ன, இளவயசு," என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

அதனால்தான் கருவியை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பினேன். மின்கலத்தை முற்றிலும் வடித்துவிட்டு அனுப்பினேன். அது அங்கே இருந்த நாள்களிலும் என் மனைவி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். வடக்குச் சன்னலை நோக்கி ஊதினாள். நிறுவனம் வடக்கேதான் இருக்கிறது.

இன்று கருவி திரும்பி வந்துவிட்டது. 'மூடிய அறையில் இரண்டு வாரம் வைத்துச் சோதித்தோம், ஒருமுறையும் சுழலவில்லை, மின்கலத்தை நாங்கள் தொடவில்லை' என்கிறது கடிதம். பெட்டியைத் திறந்தேன். நான்கு புள்ளிகளும் எரிந்தன. யாரை ஏமாற்றுகிறார்கள்?

இவ்வளவும் எழுதி முடித்தபோது மணி இரண்டே முக்கால். மருந்துக்கடைக்காரர் மருந்து கொடுக்க வந்தார். அவருக்கு இதைப் படித்துக் காட்டினேன். சாட்சி ஒருவர் வேண்டுமென்றுதான், வேறு நோக்கமில்லை. காற்றாலை மேசைமேல் இருந்தது. உள்ளே என் மனைவி உறங்கினாள்.

இலை அசையவில்லை என்ற இடத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதை நான் கண்டேன். கடிகாரம் மூன்று அடித்தது. அவர் பிடித்திருந்த மூச்சை மெல்ல விட்டார்.

மேசைமேல் இறக்கைகள் அரைச் சுற்றுச் சுழன்றன.

எட்டிப் பார்த்தேன். என் மனைவியின் உதடுகள் மூடியிருந்தன. நானும் ஊதவில்லை.

படிப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, நான்கு மணிவரை மீண்டும் மீண்டும் படித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"கதை நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் முடிவில், கதவு நிலையைப் பிடித்தபடி. "எனக்கு ஏன் சார் இப்படி இரைக்குது?"

மருந்துக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

இன்று மாலை என் மனைவி ஒரே மூச்சில் இருபத்தேழு வரை எண்ணினாள். ஒரு மாதத்தில் முதன்முறையாக எண்ணிக்கை ஏறியிருக்கிறது. முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு பள்ளி முழுமைக்கும் கால அட்டவணை வகுத்தவன் நான். இரண்டு கட்டங்கள் போட்டுவிட்டேன். 'பெறுபவர்' என்னும் கட்டத்தின் கீழே எழுத வேண்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அது அந்தக் கூடத்தில் இருப்பவர்களின் பொறுப்பு. 'ஊதுபவர்' என்னும் கட்டத்தின் கீழே நாளைக்கு ஆள் இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது.

இதுவரை படித்துவிட்டீர்கள். எங்கோ ஓரிடத்தில் உங்கள் மூச்சும் ஒரு கணம் நின்றிருக்கும். நாளை பிற்பகல் மூன்று மணிக்கு நேராக உட்காருங்கள். உதடுகளைக் குவியுங்கள். ஊதுங்கள். யாருக்கென்று கேட்காதீர்கள்.